ஒரு முடி கேப்... மொத்த மாடலும் அவுட்!

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்திருக்கிறீர்களா? காவிரிப் பாலத்தில் ஏறியதும் 'தடக்... தடக்...' என்று ஒரு தாளம் கேட்டிருப்பீர்கள். பாலத்தின் ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு ஆரம்பிக்கிற இடம் அது. வெயிலில் கான்கிரீட் கொஞ்சம் நீளும், குளிரில் சுருங்கும். அதற்காக இன்ஜினீயர்கள் யோசித்து விட்டுவைத்த இடைவெளி. 1976-ல் வந்த பாலம் இது. இணைப்புகளையும் பேரிங்குகளையும் மாற்றுவதற்காக 2022 கடைசியில் போக்குவரத்தையே நிறுத்தி, 2023 மார்ச்சில்தான் மறுபடி திறந்துவிட்டார்கள். நடுவில் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் ஊரைச் சுற்றிச் சுற்றிக் காலேஜுக்கு வந்த கதை உங்களுக்கே தெரியும்.

பாலத்தில் இருப்பது கணக்குப் போட்டு வைத்த கேப். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற டிசைனில்? அங்கே யாரும் வைக்காமலே வந்து உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஒரே ஒரு முடி அளவு கேப், மூன்று மாத புராஜெக்ட்டை முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கேட் படிக்கிற எல்லாரும் ஒருநாள் இதில் மாட்டத்தான் போகிறார்கள். (எக்ஸாம் எழுதுற கேட் இல்ல பாஸ், படம் வரையுற கேட்!) அதனால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஓட்டைக் குடம்

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஒரு ஹெல்மெட் வரைகிறீர்கள் என்று வையுங்கள். வளைவு நெளிவான பொருளை ஒரே துண்டாக வரைய முடியாது. டெய்லர் சட்டைக்குத் துணி வெட்டுவது மாதிரி, முன்பக்கம், பின்பக்கம், காது மறைக்கும் இடம் என்று தனித்தனி வளைபரப்புகளை வரைந்து ஓரத்தோடு ஓரம் சேர்ப்பீர்கள். இந்தத் துண்டுகளுக்கு 'பேட்ச்' என்று பெயர். பேட்ச் எல்லாம் சேர்ந்தால் சர்ஃபேஸ் மாடல்.

ஸ்கிரீனில் சும்மா ஜம்மென்று இருக்கும். நிழல், பளபளப்பு எல்லாம் பக்கா. ஃபைலை 3டி பிரிண்டிங் கடையில் கொடுத்தால், 'தம்பி, ஃபைல்ல ஓட்டை இருக்கு, எடுக்க மாட்டேங்குது' என்பார் அண்ணன். 'எங்கண்ணே? எனக்கு ஒண்ணும் தெரியலையே!'

தெரியாதுதான். இரண்டு பேட்ச்சுக்கு நடுவில் 0.08 மில்லிமீட்டர் கேப். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். பிரிண்டரின் மூக்கு ஓட்டையே சாதாரணமாக 0.4 மில்லிமீட்டர். அப்புறம் ஏன் இந்த 0.08-க்கு இவ்வளவு அலட்டல்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் பார்ப்பது கேப்பின் அளவை இல்லை. 'இந்தப் பொருளுக்கு உள்ளே எது, வெளியே எது' என்ற கேள்விக்கு விடையை. குடத்தில் தண்ணீர் ஊற்றினால் ஒழுகாமல் நிற்க வேண்டும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அது ஒழுகுகிற குடம்தான். தோல் எங்கேயாவது திறந்திருந்தால் 'உள்ளே' என்ற ஒன்றே சாஃப்ட்வேருக்குக் கிடையாது. உள்ளே தெரியாமல் எதைப் பிளாஸ்டிக்கால் நிரப்புவது? எடை எவ்வளவு என்று எதை வைத்துச் சொல்வது? விசை கொடுத்தால் உடையுமா என்று எப்படிக் கணக்குப் போடுவது? கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் உலகத்தின் செல்லப்பிள்ளை ஒரு டீ பாட். 1975-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் உருவாக்கியது. இன்றுவரை பல சாஃப்ட்வேர்களில் டெஸ்ட் மாடலாக வருகிறது. முதலில் செய்தபோது அதற்கு அடிப்பாகமே கிடையாது! படம் காட்ட அது போதும். டீ ஊற்றினால்தான் வண்டவாளம் தெரியும்.

கேப் எங்கிருந்து வருது?

'நான் கரெக்டாத்தான் சார் வரைஞ்சேன்' என்பீர்கள். நிஜமாகவே கரெக்டாக வரைந்திருப்பீர்கள். ஆனாலும் கேப் வரும். கணக்கே அப்படி.

கார் பாடியின் வளைவுகளைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்க வழி கண்டவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். 1959-ல் சித்ரோன் கம்பெனியில் பால் டி காஸ்டெல்ஜோ, அடுத்து 1960-களில் ரெனால்ட் கம்பெனியில் பியர் பெசியே. அவர்கள் போட்ட பாதையில்தான் இன்றைய கேட் சாஃப்ட்வேர் எல்லாம் நடக்கிறது. அதில் அதிகம் பயன்படுவது 16 புள்ளிகளால் ஆன முப்படி பேட்ச். இப்படி இரண்டு பேட்ச் ஒன்றையொன்று வெட்டினால், வெட்டும் கோட்டின் சமன்பாடு எத்தனை படி தெரியுமா? பொதுவாக 324! பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டுக்கே நாம் தண்ணி குடித்தவர்கள். 324 படியை எந்த சாஃப்ட்வேரும் அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. 'இதற்குக் கிட்டத்தட்ட இருக்கும்' என்று எளிமையான கோடு ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. அந்தக் 'கிட்டத்தட்ட'தான் கேப்பின் பிறந்த ஊர்.

எவ்வளவு கிட்டத்தட்ட? அதற்கு ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒரு எல்லை வைத்திருக்கிறது. அதன் பெயர் டாலரன்ஸ். ஒரு சாஃப்ட்வேர் 0.01 மில்லிமீட்டர் வரை 'ஒட்டியிருக்கு' என்று ஒத்துக்கொள்ளும். இன்னொன்று 0.001 கேட்கும். முதலாவதில் வரைந்து இரண்டாவதில் திறந்தால், நேற்று வரை ஒட்டியிருந்த ஓரமெல்லாம் இன்று பிளந்து நிற்கும். வரைந்தவர் மேல் தப்பில்லை, திறந்தவர் மேலும் தப்பில்லை. கைமாறிய இடத்தில் தப்பு.

ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக 1980-ல் ஐஜிஈஎஸ், 1994-ல் ஸ்டெப் என்று பொது ஃபைல் முறைகள் வந்தன. பழைய ஐஜிஈஎஸ் ஃபைல்களில் பெரும்பாலும் பேட்ச்சுகள் தனித்தனியாகத்தான் வந்து சேரும். யாருக்குப் பக்கத்தில் யார் என்ற உறவு காணாமல் போயிருக்கும். இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க கார் தொழிலில் மட்டும் இப்படி டிசைன் தகவல் சரியாகக் கைமாறாததால் வருடத்துக்குக் குறைந்தது 100 கோடி டாலர் வீணாகிறது என்று 1999-ல் அந்நாட்டு அரசின் தரநிர்ணய நிறுவனம் வெளியிட்ட ஆய்வு சொன்னது. 2006-ல் ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஒயர்கள் பொருந்தாமல் போய், டெலிவரி இரண்டு வருடம் வரை தள்ளிப்போனது. ஜெர்மனி டீம் ஒரே சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷனிலும், பிரான்ஸ் டீம் புது வெர்ஷனிலும் வேலை பார்த்தது அதற்கு முக்கியக் காரணம். உலகத்தின் மிகப் பெரிய பயணிகள் விமானத்துக்கே இந்தக் கதி!

ஒட்டினால் போதுமா?

சரி, கேப்பை அடைத்துவிட்டோம். முடிந்ததா? இல்லை. அடுத்த வில்லன் வருகிறார். அவர் பெயர் டேன்ஜன்ஸி.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ காலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். வாசலில் கம்பிக் கோலம் விழுந்துகொண்டிருக்கும். இரண்டு வளைவு சந்திக்கிற இடத்தைக் கவனியுங்கள். மாவு விடுபட்டால் கேப். இரண்டு கோடும் தொட்டுக்கொண்டு, ஆனால் முனை ஒடிந்த மாதிரி சேர்ந்தால், கேப் இல்லை, முட்டு இருக்கிறது. பழகிய கை போட்ட கோலத்தில் எங்கே ஒரு வளைவு முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. (கோலத்தையும் கம்ப்யூட்டரையும் சேர்ப்பது நம் கற்பனை இல்லை. 1974-லேயே சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிரிதிவாசனுடன் சேர்ந்து கோலத்தின் இலக்கணம் பற்றி கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள்.)

கேட் மொழியில் இதற்கு மூன்று படிகள். ஓரங்கள் தொட்டால் ஜி-0. தொடும் இடத்தில் இரண்டும் ஒரே திசையில் போனால் ஜி-1, இதுதான் டேன்ஜன்ஸி. வளைவின் அளவும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஜி-2.

ஜி-1-க்கும் ஜி-2-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? ரயிலைக் கேளுங்கள். நேர்க்கோட்டுத் தண்டவாளத்தோடு வட்டமான தண்டவாளத்தைத் திசை மாறாமல் சேர்க்கலாம். பார்க்க அழகாக இருக்கும், அது ஜி-1. ஆனால் வேகமாக வரும் ரயில் அந்த இடத்தில் திடீரென வளைய வேண்டியிருக்கும். உள்ளே நிற்பவர்களை ஒரே தள்ளாகத் தள்ளும். அதனால்தான் நேருக்கும் வட்டத்துக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வளைகிற 'மாறு வளைவு' ஒன்றைப் போடுகிறார்கள். நம் இந்திய ரயில்வே இதற்கு முப்படிப் பரவளைவைப் பயன்படுத்துகிறது. பிளஸ் டூவில் 'இதெல்லாம் எதுக்கு?' என்று கேட்டீர்களே, அதே கணக்குதான்.

உங்கள் மாடலில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹாஸ்டல் வாசலில் நிற்கும் பைக்கின் பெட்ரோல் டேங்க்கில் டியூப் லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். கோடு வழுக்கிக்கொண்டு போகும். எங்கேயாவது நசுங்கியிருந்தால் அங்கே கோடு நெளிந்து காட்டிக் கொடுத்துவிடும். கேட் சாஃப்ட்வேரில் 'ஸீப்ரா' என்று ஒரு பட்டன் இருக்கும். அது மாடலின் மேல் வரிக்குதிரைப் பட்டைகளை விழவைக்கும். சேரும் இடத்தில் பட்டைகள் ஒன்றோடொன்று சேராமல் தள்ளி நின்றால் ஜி-0 மட்டும். சேர்ந்து, ஆனால் ஒடிந்தால் ஜி-1. அலுங்காமல் தாண்டிப் போனால் ஜி-2. அவ்ளோதான்!

ரிப்பேர் பார்க்கலாம் வாங்க

முதல் வேலை: ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீர்கள். காப்பி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். அடுத்து யூனிட். மில்லிமீட்டரா, இன்ச்சா? ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர். இதில் கோட்டை விட்டால் டாலரன்ஸ் கணக்கெல்லாம் தலைகீழ்.

இரண்டாவது, 'திறந்த ஓரம் எங்கே?' என்று கேளுங்கள். எல்லா சாஃப்ட்வேரிலும் இதற்கு ஒரு செக் இருக்கிறது. ஜோடி இல்லாத ஓரங்களைத் தனிக் கலரில் காட்டும். எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். 37 ஓரம் திறந்திருந்தால், இனிமேல் உங்கள் ஸ்கோர் போர்டு அதுதான். ஒவ்வொரு ரிப்பேருக்கும் பிறகு நம்பர் குறைய வேண்டும்.

மூன்றாவது, குப்பையைக் கூட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் டூப்ளிகேட் பேட்ச், ஊசி மாதிரி ஒல்லியாக நிற்கும் துணுக்கு பேட்ச், இதையெல்லாம் முதலில் தூக்குங்கள். பல கேப்புகள் அப்போதே தானாகச் சரியாகிவிடும்.

நான்காவது, கேப்புகளை அளவு வாரியாகப் பிரியுங்கள். டாலரன்ஸுக்குக் கொஞ்சம் மேலே இருப்பதைத் தையல் கட்டளை கொடுத்துச் சேர்க்கலாம். அதைவிடப் பெரிதாக இருந்தால் தைக்காதீர்கள். பேட்ச்சை வெட்டுவதற்கு முன்னால் இருந்த முழு அளவுக்குத் திருப்பி, ஓரத்தைக் கொஞ்சம் நீட்டி, இரண்டும் ஒன்றையொன்று தாண்டும்படி செய்து, மறுபடி வெட்டுங்கள். அதற்கும் மேலே என்றால் அந்தப் பேட்ச்சை எடுத்துவிட்டு, சுற்றியுள்ள ஓரங்களை வைத்துப் புதிதாகப் போடுவதுதான் மரியாதை.

ஐந்தாவது, டேன்ஜன்ஸி. இதில் எல்லாரும் செய்கிற தப்பு, ஓரத்திலேயே நின்று போராடுவது. 16 புள்ளி பேட்ச்சை நினைவு வையுங்கள். நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி. கம்பிக் கோலத்தின் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போகிற மாதிரி, வளைபரப்பும் நடுப்புள்ளிகளைத் தொடாமல் அவற்றின் இழுப்பில் வளையும். ஓரத்து வரிசை இரண்டு பேட்ச்சுக்கும் பொதுவாக இருந்தால் ஜி-0 கிடைக்கும். ஓரத்துப் புள்ளி ஒவ்வொன்றும், அதன் இரண்டு பக்கத்துப் புள்ளிகளும் ஒரே நேர்க்கோட்டில், எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் நின்றால் ஜி-1. ஜி-2 வேண்டுமென்றால் மூன்றாவது வரிசையையும் நகர்த்த வேண்டும். ஆக, முட்டு தெரிவது ஓரத்தில். அதைச் சரிசெய்யும் சாவி உள்வரிசையில். புள்ளியை நகர்த்த வசதியில்லாத மாடலா? முட்டு இருக்கும் ஓரத்தின் இரண்டு பக்கமும் ஒரு பட்டை அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் 'பிளெண்ட்' போடுங்கள்.

ஒரு போனஸ் டிப்ஸ். பாதி வரைந்து கண்ணாடியில் காட்டுவது மாதிரி மறுபாதியை எடுப்பவரா நீங்கள்? நடுக்கோட்டிலிருந்து அடுத்த வரிசைப் புள்ளிகள், நடுக்கோட்டுப் புள்ளிகளுக்கு நேர் எதிரே, அந்தக் கண்ணாடித் தளத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இல்லையென்றால் ஹெல்மெட் நடுவில் வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு விழும். யார் கேட்டாலும் ஸ்டைல் என்று சமாளிக்க முடியாது!

ஆறாவது, மறுபடி ஸீப்ரா, மறுபடி திறந்த ஓர எண்ணிக்கை. பூஜ்யம் வந்தால் சாலிட் ஆக்குங்கள். கடைசியாக, ரிப்பேர் பார்த்த மாடலை ஒரிஜினல் மேல் வைத்து, எங்கே எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். நிறைய பேர் மறப்பது இந்தக் கடைசி வேலையைத்தான்.

காசு செலவழிக்காமல் பழக வேண்டுமா? ஃப்ரீகேட் இருக்கிறது. இலவசம். பல வருட உழைப்புக்குப் பிறகு 2024 நவம்பரில் அதன் 1.0 வெர்ஷன் வந்தது. அதிலேயே 'செக் ஜியோமெட்ரி' உண்டு, ஓரங்களை வைத்து மூடுகிற 'ஃபில்லிங்' உண்டு.

குறுக்கு வழி ஒன்று இருக்கு... ஆனா!

'இவ்ளோ எதுக்கு? டாலரன்ஸை 0.01-லேர்ந்து 0.5 ஆக்கிட்டா எல்லாம் ஒட்டிக்கும்ல?' என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. ஒட்டிக்கும் மச்சி. பச்சை டிக் வரும். சப்மிட் பண்ணலாம். மார்க்கும் வரலாம்.

ஆனால் நடந்தது என்ன? கேப் அப்படியே இருக்கிறது. 'அரை மில்லிமீட்டர் வரைக்கும் கண்டுக்காதே' என்று சாஃப்ட்வேரின் வாயை அடைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அது மட்டுமில்லை. அரை மில்லிமீட்டரைவிடச் சிறிய ஓரங்களை எல்லாம் அது ஒரே புள்ளி என்று நினைத்து விழுங்கிவிடலாம். நீங்கள் ஆசையாக வரைந்த சின்ன மடிப்பு காணாமல் போகும். அடுத்து அந்த ஃபைலைத் திறப்பவர் 0.001 டாலரன்ஸில் திறப்பார். பழைய கேப் எல்லாம் அவர் முன்னால் வந்து நிற்கும். இந்த முறை தலைவலி அவருக்கு.

அந்த 'அவர்' யார் என்று தெரிய வேண்டுமா? நீங்கள் திருச்சியில் படிப்பவர் என்றால் ரொம்ப தூரம் போக வேண்டாம். திருவெறும்பூரில் 1965-லிருந்து பெல் தொழிற்சாலை பாய்லர் செய்கிறது. அதைச் சுற்றி துவாக்குடி பக்கம் எத்தனை ஃபேப்ரிகேஷன் பட்டறைகள்! அங்கே நாலு மூலைக் குழாயை வட்டக் குழாயோடு சேர்க்கிற ஒரு துண்டு செய்ய வேண்டும் என்று வையுங்கள். உங்கள் சர்ஃபேஸ் மாடலை விரித்துத்தான் தகட்டை வெட்டுவார்கள். மாடலில் நீங்கள் மூடி மறைத்த கேப், வெட்டிய தகட்டில் குறைச்சலாக வந்து நிற்கும். மாடலில் இருந்த முட்டு, வளைத்த தகட்டில் மடிப்பாக வரும். ஸ்கிரீனில் ஒரு கிளிக். பட்டறையில் ஒரு தகடு வேஸ்ட், ஒரு ஆள் கூலி வேஸ்ட்.

வெல்டிங்குக்கென்றே 1975-ல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய ஊர் இது. இங்கே எந்த வெல்டரைக் கேட்டாலும் சொல்வார்: பற்றவைப்பதற்கு முன்னால் 'ஃபிட்-அப்' பார்க்க வேண்டும். இரண்டு தகடும் சரியான இடைவெளியில், சரியான கோணத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று அளந்த பிறகுதான் ராடைத் தொடுவார். பொருந்தாததை உலோகத்தை ஊற்றி நிரப்பிவிட்டால் மேலே பளபளவென்று இருக்கும். பிரஷர் ஏறும்போது அந்த இடம்தான் முதலில் வாயைப் பிளக்கும். டாலரன்ஸை ஏற்றி கேப்பை மறைப்பதும் அதே வேலைதான். இங்கே ராடுக்குப் பதில் மவுஸ்.

இன்டர்வியூவில் 'எந்தெந்த சாஃப்ட்வேர் தெரியும்?' என்ற கேள்விக்கு எல்லாரும் வரிசையாக நாலு பெயர் சொல்வார்கள். அதற்கான சர்ட்டிஃபிகேட்டும் எல்லார் ஃபைலிலும் இருக்கும். 'ஒட்டாத ஒரு மாடல் கொடுத்தா என்ன செய்வீங்க?' என்று கேட்டால்தான் ரூம் அமைதியாகும். கட்டளைகள் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். கேப் ஏன் வருகிறது, முட்டு எந்த வரிசையில் தீரும் என்ற அறிவு மாறாது. 'முதலில் அளப்பேன், பிறகு பிரிப்பேன், எதைத் தைக்கலாம் எதைத் திருப்பிப் போட வேண்டும் என்று முடிவு செய்வேன்' என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். போன செமஸ்டரில் 'சூப்பர்' வாங்கிய உங்கள் மாடலைத் திறங்கள். ஸீப்ராவைப் போடுங்கள். திறந்த ஓரங்களை எண்ணுங்கள். நம்பர் எதுவாக இருந்தாலும் பயப்படாதீர்கள். ஒவ்வொன்றாகச் சரி செய்யுங்கள். முடித்ததும் அந்த ஃபைலோடு ஒரு சின்னக் குறிப்பும் வையுங்கள்: எந்த டாலரன்ஸ், எந்த இடம், எவ்வளவு நகர்த்தினேன். நாலே வரி போதும். நாளைக்கு அந்த ஃபைலைத் திறக்கப்போகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆனால் அந்த நாலு வரியைப் படித்தவுடன், 'வேலை தெரிஞ்ச கை' என்று அவருக்குத் தெரிந்துவிடும்.